சீன மருத்துவப் பாடங்களைப் பல நாட்டுக் கல்லூரிகள் சேர்ந்து இணையத்தில் இலவசமாகப் பகிர்வதால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் வகுப்பு வீடியோக்களை ஏற்றிவிடுவதை நான் பெரிய காரியமாக நினைக்கவில்லை. முதலில் பகிர வேண்டியது மூலிகைகளின் பெயரும் படமும்தான். நான் மருந்தியல் படித்தவன், சீன மருத்துவம் பார்ப்பவன் அல்ல. கல்லூரியில் கேட்ட ஒரு சம்பவம்தான் இப்படிச் சொல்ல வைக்கிறது.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடம்பு இளைக்கக் கொடுத்த மருந்தில் சீன மூலிகைகளையும் சேர்த்தார்கள். அதில் ஒன்று ஃபாங்ஜி. சிக்கல் என்னவென்றால், சீனாவில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகளின் வேர் புழங்கியது. ஹான் ஃபாங்ஜி என்பது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா. குவாங் ஃபாங்ஜி என்பது அரிஸ்டலோக்கியா ஃபாங்சி. நம் ஆடுதீண்டாப்பாளையின் பேரினம். (ஆடே தொடாது என்று நம்மவர்கள் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்!) முதலாவதுக்குப் பதில் இரண்டாவது போய்ச் சேர்ந்தது. அதிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் நூறு பேருக்கும் மேல் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பலர் டயாலிசிஸுக்கும் மாற்று அறுவைக்கும் போனார்கள், சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

இந்த மாதிரிக் குழப்பத்தை ஒரு நாடு தனியாகத் தீர்க்க முடியாது. லண்டன் கியூ தாவரவியல் பூங்கா பெய்ஜிங்கின் மருந்துத் தாவர ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து 1998இல் சீன மூலிகைகளை அடையாளம் காண்பதற்கென்றே ஒரு மையம் தொடங்கியது. கியூவின் மருந்துத் தாவரப் பெயர்த் தொகுப்பும், ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்தின் மூலிகைப் படத்தொகுப்பும் இன்று இணையத்தில் யாருக்கும் இலவசம். பாடம் நடத்துபவர் இவற்றின் இணைப்பைக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் மொழிபெயர்ப்பு. சீன மருத்துவம் ஓர் உறுப்பாகச் சொல்லும் சான்ஜியாவ் என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் ட்ரிபிள் பர்னர், ட்ரிபிள் ஹீட்டர், ட்ரிபிள் எனர்ஜைசர் என்று மூன்று வேடம் போடும். தமிழ் அக்குபங்சர்காரர்கள் மூவெப்ப மண்டலம் என்கிறார்கள். மூன்று நாட்டுப் பாடங்களைக் கலந்து படிக்கும் மாணவன் இவை மூன்று உறுப்புகள் என்று நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. மூலச் சீனச் சொல்லைக் கூடவே போடாத பாடத்தை நான் நம்புவதில்லை.

காப்புரிமை பற்றியும் கேட்பீர்கள். பழைய சீன மூலநூல்களுக்கு அது இல்லை. இன்றைய மொழிபெயர்ப்புகளுக்கு உண்டு, அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும்.

சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அக்குபங்சர் புள்ளி வரையறையைப் பாருங்கள். சீன, ஜப்பானிய, கொரிய நிபுணர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து, ஊசி குத்தும் 361 புள்ளிகள் உடம்பில் சரியாக எங்கே என்று பேசினார்கள். 6 புள்ளிகளில் முழுச் சம்மதம் வரவில்லை. மயங்கி விழுந்தவருக்கு அழுத்துவார்களே, மூக்குக்குக் கீழே உள்ள பள்ளம், அதுவும் அந்த ஆறில் ஒன்று: நட்ட நடுவிலா, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கிலா? சண்டையை மறைக்காமல் மாற்று இடத்தையும் குறித்தே அச்சிட்டார்கள். நான் பாடம் தயாரித்தால் அந்த ஆறிலிருந்துதான் தொடங்குவேன்.