பதில்: காவடி ஊர்வலம் எடுக்க எந்த போன்?

வணக்கம். தைப்பூசத்தன்று மதியம் வீடியோ எடுக்கையில் திரை மங்கி, பதிவு நின்றது என்கிறீர்கள். ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ், பிக்சல் 9 ப்ரோ எக்ஸ்எல், கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா மூன்றில் எதை வாங்குவது என்றும் கேட்கிறீர்கள். பழுதில்லை, சூடு. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெளிவெப்ப உச்சவரம்பே 35 டிகிரி. நம் சிங்கப்பூர் மதியம் அதை நெருங்கும். போன் பெரும்பாலும் முதலில் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு பதிவை நிறுத்தும்.

உங்கள் பட்டியலில் ஐபோன் 16 ப்ரோ மேக்ஸை எடுங்கள், வீடியோதான் முக்கியம் என்றால். ஆனால் 5 மடங்கு ஜூமுக்குக் கீழே தனி டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுவது) இல்லை. பிக்சல் 9 ப்ரோ எக்ஸ்எல்லிலும் அப்படியே. சிராங்கூன் ரோட்டு ஓரத்தில் நின்று முழுக் காவடியையும் அடக்க 3 மடங்குதான் வாகு. அதற்கான லென்ஸ் கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவில் உண்டு, திரைக் கண்ணாடியும் வெயிலில் குறைவாகவே பளபளக்கும். புகைப்படமே போதுமென்றால் அதுதான் சரி. விடியுமுன் இருட்டில் அந்த 3 மடங்கை நம்பாதீர்கள், அதன் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) சிறியது. 1 மடங்கில் கிட்டே போய் எடுங்கள்.

எதை வாங்கினாலும் 4கே வீடியோவில் நொடிக்கு 60 படங்கள் வேண்டாம், 30 வையுங்கள். ஐபோனில் நிமிடத்துக்கு 400 எம்பி பிடிப்பது 170 ஆகக் குறையும், சூடும் குறையும். கவரைக் கழற்றுங்கள். பவர் பேங்கைச் செருகியபடி எடுக்கவே கூடாது. மூன்றிலும் மெமரி கார்டு போட முடியாது, 256 ஜிபிக்குக் குறைத்து வாங்காதீர்கள்.