அக்காகிட்ட கேளுங்க: தகரக் கூரையும் திப்பு அரண்மனை மரமும்

கேள்வி: அக்கா, குன்னூர்ல எங்க தாத்தா காலத்து தகரக் கூரை வீட்ட போன வருஷம் இடிச்சுட்டாங்க. நாங்க இப்ப கோயம்புத்தூர்ல இருக்கோம். லீவுக்கு வரும்போது நான் வளந்த ஊர பசங்களுக்கு காட்டணும்னு ஆசை, ஆனா பழைய கதைய ஆரம்பிச்சாலே போன எடுத்துட்டு உக்காந்துர்றாங்க. எந்த பில்டிங்க காட்டலாம்?

பதில்: வீடு போனது படிக்கவே கஷ்டமா இருக்கு தம்பி. நானும் தகரக் கூரைக்கு கீழ வளந்தவதான், ஆடி மாச மழை பிடிச்சா பக்கத்துல இருக்கறவங்க பேசறதுகூட காதுல விழாது, அம்மா சாப்பிட வான்னு கையக் காட்டித்தான் கூப்பிடுவாங்க.

பசங்கள முதல்ல ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கு கூட்டிட்டு போங்க. 1829ல அடிக்கல் வச்சது. உள்ள போனதும் எதுவும் சொல்லாம மேல பாக்க சொல்லுங்க, கூரையத் தாங்கற அந்த பெரிய உத்தரம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனைல இருந்து வந்த மரம். கிறிஸ்துமஸ் சமயத்துல எங்க தெரு பசங்க எல்லா மதமும் சேந்துதான் போவோம், எங்கப்பா அந்த மரத்த காட்டி சொன்னதுல இருந்து எனக்கு பாட்டு பூசை எதுலயும் கவனம் இல்ல, கழுத்து வலிக்கற வரைக்கும் அதையேதான் பாத்துட்டு இருப்பேன். வெள்ளைக்காரன் கட்டினான்னு மட்டும் சொல்லி முடிச்சுறாதீங்க தம்பி, ரோடே சரியா இல்லாத காலத்துல அவ்ளோ கனத்த மலைக்கு ஏத்தினது யானைங்களும் கூலிக்கு வந்த நம்ம சனங்களும்தான், அவங்க பேர் எந்தக் கல்லுலயும் இல்ல, நாமதான் சொல்லணும்.

அடுத்து ஊட்டி கல் பங்களாவ காட்டுங்க, ஆர்ட்ஸ் காலேஜ் வளாகத்துலயே இருக்கு, அப்ப கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த வெள்ளைக்காரர் சல்லிவன் 1822ல ஆரம்பிச்சது, ஊட்டில எழும்புன முதல் பங்களா அதுதான்.

உங்க ஊர் ஸ்டேஷன விட்றாதீங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து ரயில் குன்னூர் வந்தது 1899ல, ஊட்டிக்கு போனது 1908ல. கல்லார்ல இருந்து நடுவுல இருக்கற பல் தண்டவாளத்த பிடிச்சு ஏறி வர்ற நீராவி இன்ஜின குன்னூர்ல கழட்டிட்டு டீசல் மாட்டுவாங்க, அத பிளாட்பாரத்துல நின்னு பாக்கட்டும். நாங்க பாத்தப்ப கரி இன்ஜின், வெள்ளச் சட்டை போட்டுட்டு போனா வீட்ல திட்டு நிச்சயம். அப்படியே விறகு அடுப்புல வர்க்கி போடற பழைய பேக்கரி ஒண்ணுல உள்ள எட்டிப் பாக்க கேளுங்க. செங்கல் அடுப்பு வாய்ல நீளக் கட்டைய விட்டு தட்ட இழுப்பாங்க பாருங்க, அப்ப எந்தப் பையனும் போன தொடமாட்டான்.

கேள்வி: கோத்தகிரில எங்கம்மா பொறந்த வீடு எப்ப கட்டினதுன்னு யாருக்கும் தெரியல. எப்படி கண்டுபிடிக்கறது அக்கா?

பதில்: வீட்டு பத்திரத்தையும் பழைய வரி ரசீதையும் எடுங்கம்மா, வில்லங்கமும் போட்டுப் பாருங்க, எந்த வருஷத்துல யார் கைல இருந்துச்சுன்னு ஓரளவு பிடிபடும். கல்யாண போட்டோ இருந்தா பின்னாடி ஸ்டூடியோ முத்திரைல தேதி இருக்கான்னு பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி தெருவுல வயசான பாட்டி யார் இருக்காங்களோ அவங்ககிட்ட இந்த வாரமே போங்க. எப்ப கட்டினதுன்னு கேட்டா தெரியாதும்பாங்க, நீங்க கல்யாணமாகி வந்தப்ப இந்த வீடு இருந்துச்சான்னு கேளுங்க, அவங்க பேசறத போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கங்க.