தினமும் நகரத்துக்குப் போய்வர, அமைதியான வசதியான புறநகரில் வீடு வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் பயண நேரம். விளம்பரத்தில் '40 நிமிடம்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ரயில் ஓடும் நேரம் மட்டுமே. நிலையத்துக்குப் போக 10, வண்டி நிறுத்திவிட்டுக் காத்திருக்க 8, இறங்கியபின் நடக்க 12 என்று கூட்டினால் 70 ஆகிவிடும். வேலைநாள் காலையில் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை ஏமாற்றும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, நிலைய வாகன நிறுத்தத்தில் மாதச் சீட்டு உடனே கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள்.

அமைதியைப் பகல் 11 மணிக்கு எடைபோடாதீர்கள். அந்நேரத்தில் எல்லாத் தெருவும் அமைதிதான். இரவு 10 மணிக்கு மேல் படுக்கையறைச் சன்னலைத் திறந்து வைத்துக் கேளுங்கள்.

பலர் கோட்டைவிடுவது மரத்தில். நிழல் அழகுதான், ஆனால் மண்ணுக்கடியில் போகும் பழைய கழிவுநீர் மண்குழாய்களின் இணைப்புகளில் ஈரம் கசிய, அதைத் தேடி வேர் உள்ளே நுழைந்துவிடும். கீழ்த்தளக் கழிப்பறையில் தண்ணீர் விட்டதும் பக்கத்துக் குளியலறை வடிகால் 'களக் களக்' என்றால் சந்தேகப்படுங்கள். முன்பணம் கொடுக்குமுன் அந்தக் குழாய்க்குள் தெருச் சாக்கடை வரை கேமரா விட்டுப் பார்ப்பது நல்லது. தோண்டிக் குழாய் மாற்றும் செலவு அதைவிடப் பல மடங்கு.

விற்பவரின் சொத்துவரி ரசீதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சில இடங்களில் விற்பனைக்குப் பின் மறுமதிப்பீடு நடக்கும், வரி ஏறும்.