ஹெல்மெட்டும் பரட்டைத் தலையும்: கேள்வி பதில்

நான் முடி திருத்துகிறவன். இருபத்திரண்டு வருடமாகக் கையில் கத்தரி, ஒன்பது வருடமாகக் காலில் பெடல். பெரம்பூரில் வீடு, நுங்கம்பாக்கத்தில் கடை, தினமும் சைக்கிள்தான். தலை கலைந்து வந்து நிற்கிற முடிவெட்டுகாரனிடம் யார் நம்பித் தலையைக் கொடுப்பார்கள்? அதனால் பிழைப்புக்காகவே இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர் பக்கம் சேர்ந்து ஓட்டுகிறவர்கள் டீக்கடையில் ஆளாளுக்கு இதையே கேட்க, எழுதி அனுப்புங்கள், உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்றேன். வெளியூரிலிருந்தும் சில வந்திருக்கின்றன.

ஏழு கிலோமீட்டர்தான் அண்ணா ஓட்டுகிறேன். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றினால் மேலே சப்பையாகவும் பின்னால் கொண்டை மாதிரியும் நிற்கிறது. எவ்வளவு சீவினாலும் படியவில்லை. ஏன்? (அம்பத்தூர்)

தம்பி, சீப்பின் மேல் குற்றமில்லை. முடி கெரட்டின் என்கிற புரதத்தால் ஆனது. அதற்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சில உண்டு. தண்ணீர் பட்டால் அவை விட்டுவிடும், காயும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். எந்த வடிவத்தில் இருக்கும்போது காய்கிறதோ அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். அங்கேதான் சிக்கல். வியர்வை என்பது பெரும்பாலும் தண்ணீர். உன் முடி நனைந்து, ஹெல்மெட்டுக்குள் அமுங்கியபடியே பாதி காய்ந்துவிடுகிறது. ஈர வேட்டியைக் கசக்கிப் போட்டு மறுநாள் எடுத்தால் எப்படி இருக்கும், அதுதான் உன் தலை. அந்தச் சுருக்கத்தை வெறும் கையால் நீவி எடுக்க முடியுமா? இஸ்திரிக்காரர் முதலில் தண்ணீர் தெளிக்கிறாரே, அதை நீயும் செய்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுவேன். சீப்பைத் தொட மாட்டேன். தலையைக் குனிந்து, பத்து விரலையும் வேர்வரை விட்டு, முடி படிந்திருக்கும் திசைக்கு எதிர்த் திசையில் நாலைந்து முறை உதறுவேன். ஷட்டரைத் திறப்பது, கூட்டுவது, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவது எல்லாம் முடிய பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். வண்டியை நிறுத்திய பிறகுதான் வியர்வை அதிகமாகக் கொட்டும், கவனித்திருப்பாய். அது அடங்குவதற்கு முன் தலையை வாரினால் வாரியது வீண்.

அடங்கிய பிறகு கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து வேரை நனைக்க வேண்டும். பலரும் நுனியை மட்டும் நனைத்துவிட்டு, தண்ணீர் போட்டும் படியவில்லை என்கிறார்கள். மடங்கியது வேரில். அப்புறம் ஈரிழைத் துண்டால் ஒற்றி எடு, தேய்க்காதே. வேண்டிய பக்கம் விரலால் தள்ளிவிட்டுக் காயவிடு. உங்கள் அலுவலகக் கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதன் கீழே தலையை நீட்டு. பார்க்கிறவர்கள் இரண்டு நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் அவர்களில் ஒருவர் பின்னால் வரிசையில் நிற்பார்.

இன்னொன்று. கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதி. போய்ச் சேரும்போது உடம்பு பாதி ஆறியிருக்கும்.

ஜெல் போட்டுவிட்டுக் கிளம்பலாமா? (அதே அம்பத்தூர் தம்பி)

வேண்டாம். வியர்வையோடு கரைந்து கண்ணில் இறங்கும், பாடி மேம்பாலத்தில் கண் எரிந்தால் தெரியும். போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்.

இடுப்பு வரை முடி. உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காரவில்லை, விரித்துவிட்டால் சிக்கு விழுகிறது. கிளட்ச் கிளிப் போட்டுப் பார்த்தேன், வலிக்கிறது. (கோயம்புத்தூர்)

கிளிப்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் தங்கச்சி. விழுந்தால் அது மண்டையில்தான் குத்தும். ஹெல்மெட்டுக்குள் கெட்டியான எதுவும் இருக்கக் கூடாது, ஹேர்பின்னும் சேர்த்து. உச்சிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் பின்னால் சரிந்து நெற்றி முழுக்கத் தெரியும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் ஹெல்மெட் தட்டையாக உட்கார வேண்டும். அப்படி உட்காராவிட்டால் அதைப் போட்டும் பயன் குறைவு.

பிடரியில், ஹெல்மெட்டின் பின்புறம் இறுக்குவதற்கு ஒரு திருகு இருக்கிறதே, அதற்குக் கீழே வருகிற மாதிரி ஒற்றைப் பின்னல் போடுங்கள். உச்சியில் தளர்வாக, கீழே போகப் போக இறுக்கமாக. ரப்பர் பேண்டு வேண்டாம், துணி சுற்றியது போதும். பின்னல் காற்றில் ஆடினால் நுனியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். சிக்கு முக்கால்வாசி குறைந்துவிடும். மிச்சத்தை நுனியிலிருந்து மேல் நோக்கி எடுங்கள். உச்சியிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் ஒரே இடத்தில் சேர்ந்து முடிச்சாகும்.

வகிடுக்கு ஒரு சின்னத் தந்திரம்: வழக்கமாக இடது வகிடு என்றால் ஓட்டும்போது வலது வகிடு எடுங்கள். இறங்கியதும் பழைய பக்கம் மாற்றிவிட்டால், அமுங்கிய முடியே எழும்பி நிற்கும். உங்கள் ஊரில் காற்று எங்கள் ஊர் போலப் பிசுபிசுக்காது, வியர்வை சீக்கிரம் காயும். அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

தலையில் பூ வைத்துக்கொண்டு ஓட்ட முடியுமா? (மதுரை)

மதுரைக்காரருக்கு மல்லிகை பற்றி நான் என்ன சொல்ல! ஹெல்மெட்டுக்கு அடியில் வைத்தால் கசங்கிக் கருத்துவிடும். பின்னலில் தொங்கவிட்டால் வாடும். பூக்காரம்மா கட்டிக் கொடுத்த வாழை இலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் காலி டிபன் பாக்ஸில் வைத்துப் பைக்குள் போடுங்கள். போய்ச் சேர்ந்து வைத்துக்கொண்டால் மாலை வரை இருக்கும்.

ஹெல்மெட் போட்டால் முடி கொட்டி வழுக்கை விழும் என்று அம்மா சொல்கிறார். உண்மையா? (திருச்சி)

என் கடை நாற்காலியில் வாரம் ஒருவராவது கேட்கும் கேள்வி. ஆண்களுக்கு நெற்றி ஏறி, உச்சி காலியாகிற வழுக்கை பரம்பரையாலும் ஹார்மோனாலும் வருவது. ஹெல்மெட்டைக் கண்ணால் பார்க்காத எங்கள் தாத்தாவுக்கும் வழுக்கைதான். மயிர்க்கால்கள் ஹெல்மெட் வழியாக மூச்சுவிடுவதில்லை, அவற்றுக்கு வேண்டியதை ரத்தம் கொண்டுவருகிறது. கழற்றும்போது உள்ளே நாலு முடி ஒட்டியிருந்தால் பதற வேண்டாம், ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு.

ஆனால் அம்மா சொல்வதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. முடியை இழுத்து இறுக்கக் கட்டி, அதன் மேல் இறுக்கமான ஹெல்மெட்டையும் தினமும் போட்டால், நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலும் முடி மெலியும். இழுப்பினால் வருவது அது. ஆரம்பத்திலேயே தளர்த்தினால் திரும்ப வளரும், வருடக்கணக்கில் விட்டால் வராமலே போகலாம்.

அரிப்பு, பொடுகு, ஹெல்மெட்டில் நாற்றம். மூன்றும் சேர்ந்தே வருகின்றன. (தாம்பரம்)

மூன்றும் ஒரே குடும்பம் சார். பொடுகில் மலசேசியா என்கிற பூஞ்சைக்குப் பங்கு உண்டு. அது எல்லோர் தலையிலும் இருப்பதுதான், எண்ணெய்ப் பசையும் ஈரச்சூடும் கிடைத்தால் கொண்டாட்டம். கீட்டோகோனசோல் ஷாம்பு பலருக்குக் கேட்கும். நாலு வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள், என்னிடம் வேண்டாம்.

ஹெல்மெட்டின் உள்ளே இருக்கிற பஞ்சுப் பட்டைகள் வெல்க்ரோவில்தான் ஒட்டியிருக்கும். பிய்த்து எடுத்து, குளிக்கிற சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிழலில் காயவையுங்கள். வாரம் ஒரு முறை போதும், மே மாதத்தில் இரண்டு முறை. முதன்முதலாக நான் கசக்கியபோது வாளித் தண்ணீர் கடைசி டீ டிக்காஷன் நிறத்தில் வந்தது, அதன் பிறகு ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. ஹெல்மெட்டின் உடம்பு தெர்மாகோல் வகையைச் சேர்ந்த நுரை. சுடுதண்ணீர், தின்னர், பெட்ரோல் எதுவும் படக் கூடாது. ஈர ஹெல்மெட்டைப் பைக்குள் பூட்டி வைக்கவும் கூடாது, ஹேண்டில்பாரில் கவிழ்த்து மாட்டினாலே பாதி நாற்றம் போய்விடும்.

தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டால் கலையாதே? (நாகர்கோவில்)

கலையாது, ஆனால் பஞ்சுப் பட்டை எண்ணெய் குடித்துப் பிசுக்காகும், ரோட்டுத் தூசி எல்லாம் நெற்றியில் ஒட்டும். எண்ணெயின் எதிரி இல்லை நான். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டதில், முடியின் புரத இழப்பை நன்றாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். முந்தின இரவு வைத்துக்கொண்டு காலையில் அலசிவிடுங்கள். சீயக்காயோ அரப்போ ஷாம்புவோ, உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது.

இவ்வளவு பாடு எதற்கு? சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் இல்லையே, போடாமல் விட்டால் என்ன? (வேளச்சேரி)

சட்டம் பற்றிச் சொன்னது சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான், மிதிக்கிற சைக்கிளுக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990லேயே சைக்கிளுக்கும் கட்டாயமாக்கிவிட்டது.

பந்தய வீரர்களே ரொம்ப காலம் முரண்டு பிடித்தார்கள். சூடு, வியர்வை என்று அவர்களும் இதே காரணங்களைத்தான் சொன்னார்கள். 2003 மார்ச்சில் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரேய் கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து, தலையில் அடிபட்டு, மறுநாள் இறந்தார். அந்த மே மாதமே சர்வதேச சைக்கிள் சங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

முடி கலையாமல் தலையைக் காப்பாற்றவும் ஒரு முயற்சி நடந்தது. ஸ்வீடனில் இரண்டு மாணவிகள் 2005இல் தொடங்கி, கழுத்தில் பட்டை போல மாட்டிக்கொள்ளும் காற்றுப்பையை உருவாக்கினார்கள். பெயர் ஹோவ்டிங். விழும்போது மட்டும் விரிந்து தலையை மூடும். பார்க்கும்போது எனக்கே ஆசையாக இருந்தது. 2023 கடைசியில் அந்நாட்டு நுகர்வோர் அமைப்பு பாதுகாப்புக் காரணத்தால் விற்பனையைத் தடுத்தது, நிறுவனம் திவாலானது. ஆக, நமக்கு இந்தத் தெர்மாகோல்தான். கலைந்த தலையை நான் ஐந்து நிமிடத்தில் சரிசெய்து தருவேன், உடைந்த தலைக்கு என்னிடம் கத்தரி கிடையாது.

பழனியில் மொட்டை போட்டுவிட்டு வந்தேன். இப்போது ஹெல்மெட் ஆடுகிறது. (திண்டுக்கல்)

திருகை இரண்டு சுற்று இறுக்குங்கள், அவ்வளவுதான். சந்தனம் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் பஞ்சில் சந்தனக் காப்பு ஆகிவிடும். உள்ளே மெல்லிய துணித் தொப்பி ஒன்று போடுவது முக்கியம். ஹெல்மெட் ஓட்டைகள் வழியாக வெயில் பட்டு மண்டையில் வரிவரியாகக் கறுத்த தலைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு வரிக்குதிரை என்றே பெயர் வைத்துவிட்டோம். வழுக்கை உள்ளவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த சைக்கிளில் போகிறாள். இரட்டைப் பின்னல் மடித்துக் கட்ட வேண்டும் என்பது பள்ளி விதி. ஹெல்மெட் பட்டை அதில் மாட்டுகிறது. (விழுப்புரம்)

ஹெல்மெட் போட்டு அனுப்புகிறீர்களே, அதற்கே ஒரு வணக்கம் அக்கா. பின்னலை வீட்டிலேயே போட்டுவிடுங்கள், மடித்து ரிப்பன் கட்டுவதைப் பள்ளி வாசலில் செய்யட்டும். மடிப்பு காதுக்குப் பின்னால் நிற்பதால்தான் பட்டை மாட்டுகிறது. தொங்குகிற பின்னல் தொல்லை தராது. பட்டை காதுக்குக் கீழே ஆங்கில வி எழுத்துப் போல் சேர வேண்டும், தாடைக்கடியில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

சலூனில் போய் என்ன கட் என்று கேட்க வேண்டும்? (போரூர்)

என் பிழைப்புக்கு வந்துவிட்டீர்கள். பக்கவாட்டை மெஷினில் ஒட்ட எடுக்கச் சொல்லுங்கள், நம்பர் 2 போதும். உச்சியில் ஒன்று ஓர் அங்குலத்துக்குள், இல்லையேல் மூன்று அங்குலத்துக்கு மேல். நடுவில் இருக்கிற ஒன்றரை, இரண்டு அங்குலம்தான் முள்ளம்பன்றி ஆகும். தானாகப் படிய எடை இல்லை, அமுங்காமல் தப்பிக்கக் குட்டையும் இல்லை.

பின்னால் கொண்டை போல நிற்பதாகப் பலர் சொன்னது சுழி இருக்கும் இடம். அங்கிருந்து முடி வட்டமாகக் கிளம்பும், ஹெல்மெட் அதை எதிர்ப்பக்கம் அமுக்கும். கண்ணாடியைப் பின்னால் பிடித்து உங்கள் சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், வாரும்போது அதே பக்கம் வாருங்கள். சுழியைச் சுற்றிக் கொஞ்சம் நீளம் விடும்படி சொல்லுங்கள், அங்கே ஒட்ட வெட்டினால் குச்சியாக நிற்கும். இரட்டைச் சுழிக்காரர்களுக்கு உச்சியும் ஒட்டத்தான் சரிப்படும். இரண்டு கல்யாணம் என்று ஊரில் சொல்வார்களே, அதற்கு நான் பொறுப்பில்லை.

நெற்றியில் பஞ்சுப் பட்டையின் கோடு விழுகிறது. பத்து மணிக்குக் கூட்டம் இருக்கும் நாளில் சங்கடமாக இருக்கிறது. (கிண்டி)

அரை மணியில் தானே மறையும், குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவினால் இன்னும் சீக்கிரம். ஆழமாக விழுந்தால் திருகு அதிக இறுக்கம் என்று அர்த்தம். என் வாடிக்கையாளர் ஒரு பெரியவர், அறுபத்தெட்டு வயதில் அயனாவரத்திலிருந்து மிதித்து வருகிறார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, கோடு விழுந்த இடத்திலேயே மூன்று விரலால் பட்டையாகப் பூசிக்கொள்வார்.