டேட்டா சென்டர் வந்தால் மோட்டார் நிற்குமா?

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் செம்பனை நின்ற நிலத்தில் டேட்டா சென்டர் எழும்புகிறது. சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்துவிட்டது, இனி நம் பிள்ளைகள் விடியற்காலையில் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டியதில்லை என்று கோவில் மண்டபத்தில் ஒரு தலைவர் பேசினார். அந்நியத் தொழிலாளர்களை நிறுத்தினாலே போதும், தோட்டத்திலேயே நல்ல சம்பளம் வந்துவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
- முன்னாள் தோட்டக் கிராணி, கூலாய், ஜொகூர்

பதில்: இருவருமே பாதிக் கணக்கோடு எழுந்துவிட்டார்கள். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோல் எழுதிய கைக்குப் பாதிக் கணக்கு பிடிக்காது. மீதியையும் போட்டுப் பார்ப்போம்.

இரண்டாமவர் கேட்கும் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்று. 2020 ஜூனில் புதிதாக அந்நியத் தொழிலாளர் எடுப்பதை அரசு முடக்கியது. கோவிட் எல்லையையும் மூடியது. 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஆள் பஞ்சம், விலை உச்சம். தோட்டத்துக்கு நம் பிள்ளைகள் திரும்ப அதைவிட நல்ல நேரம் வராது. திரும்பினார்களா?

திரும்பாததற்குச் சோம்பலைக் காரணம் சொல்பவர்கள் அந்தக் கம்பைத் தூக்கிப் பார்த்ததில்லை. பத்து மீட்டர் அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாள். அண்ணாந்து ஓலையை வெட்டி, இருபது கிலோ குலையைக் கீழே தள்ளி, காண்டாவில் (தோளில் சுமக்கும் காவுகம்பில்) அள்ளி, உதிரிப் பழத்தையும் பொறுக்க வேண்டும். பத்து முதல் பதினான்கு நாளுக்குள் அதே மரத்துக்கு மறுபடி வர வேண்டும். சுற்று இருபது நாளைத் தாண்டினால் பழம் தானாக உதிரும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். அது 5 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் வெட்டு. இவ்வளவு அவசரமான வேலைக்குக் கூலி மட்டும் டன் கணக்கு. காய்ப்பு குறைந்த மாதத்தில் கையில் வருவதும் குறையும். அதோடு, எல்லை திறந்ததும் பழையபடி பெர்மிட்டில் வரும் அந்நிய ஆளை இறக்குவார்கள் என்பது நம் பையனுக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாத உயர்வை நம்பி எவன் கையிலிருக்கும் வேலையை விடுவான்?

இன்னொன்று, தோட்டத்தில் நம் ஆட்கள் குறைந்ததற்கு முதல் காரணம் மரம். பால்மரத்தில் (ரப்பரில்) ஒருவருக்கு 500 மரத்துக்கு மேல் நிரை. கணவனும் மனைவியும் விடியலில் இறங்கினால்தான் தோட்டம் ஓடும். செம்பனையில் எட்டு பத்து ஹெக்டருக்கு ஓர் ஆள் போதும். பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்ட அன்றே பாதி லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வேலை இல்லாமல் போனது. பெண்களுக்கு மிஞ்சியது உரம் போடுவதும் மருந்து அடிப்பதும்.

ஆனாலும் இரண்டாமவர் பேச்சில் ஒரு கால் பங்கு உண்மை உண்டு. அந்நியத் தொழிலாளியின் பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஐம்பது ரிங்கிட் கூடக் கொடுத்தாலும் அவர் போக முடியாது. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் வேறு கழுத்தில். போக முடியாதவர் பேரம் பேச மாட்டார். அவர் பக்கத்தில் நின்று வேலை செய்பவரின் பேரமும் எடுபடாது. ஆகவே ஆளை நிறுத்து என்று கூச்சல் போடுவதைவிட, அந்தக் கட்டை அவிழ்த்துவிடு, முதலாளியை மாற்ற அனுமதி என்று கேட்பதுதான் நம் பிள்ளையின் சம்பளத்துக்கும் நல்லது. இதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் கைதட்டு விழாது. அந்நியத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியைப் பாருங்கள்: தொழிற்சாலைக்கு ஆண்டுக்கு 1,850 ரிங்கிட், தோட்டத்துக்கு 640. அந்நியர் விகிதம் ஏற ஏற லெவியும் ஏறும் பல அடுக்குத் திட்டம் பலமுறை அறிவிப்பாகிப் பலமுறை தள்ளிப்போனது.

வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு சம்பளம் என்ற கொள்கையின் ருசியையும் தோட்டத்து மக்கள் கண்டவர்கள்தான். 2020 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 56 மாநகர, நகராட்சிப் பகுதிகளில் 1,200. மற்ற இடங்களில் 1,100. நகராட்சிப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றால் நூறு ரிங்கிட் கூட, அந்தப் பக்கம் நின்றால் குறைவு. மைலோ டின் விலை இரு பக்கமும் ஒன்றுதான். 2022 மே மாதம் 1,500 ஆனபோதுதான் அந்தக் கோடு அழிந்தது. 2025 பிப்ரவரி முதல் 1,700. டன் கணக்கில் வெட்டுபவருக்கும் இது பொருந்தும். மாதக் கூலி அதற்குக் கீழே வந்தால் மீதியை முதலாளி நிரப்பியாக வேண்டும்.

இப்போது கோவில் மண்டபத் தலைவருக்கு வருவோம். ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. முதல் ஐந்தாண்டில் 50 திட்டங்கள், 20,000 திறன் வேலைகள் என்பது இலக்கு. உங்கள் மாவட்டத்துச் செடெனாக்கும் அதில் சேர்ந்தது. தகுதி பெறும் நிறுவனத்துக்கு வரி 5 சதவீதம், 15 ஆண்டு வரை. தகுதி பெறும் நிபுணருக்கு 15 சதவீதம், 10 ஆண்டு. இந்தப் பட்டியலில் முதலீட்டாளர் இருக்கிறார், நிபுணர் இருக்கிறார். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து லயத்திலிருந்து வெளியே வந்த பையனுக்கான இடம் எது?

டேட்டா சென்டரைக் கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். அதில் பெரும்பங்கு குத்தகையாளர் கொண்டுவரும் அந்நியத் தொழிலாளர். ஓடத் தொடங்கியதும் அதில் சிறு பங்கு ஆள் போதும். உள்ளே இருப்பது வரிசை வரிசையாக இயந்திரம், அதைக் குளிர வைக்கும் சில்லர், மின்சாரம் போனால் உறுமும் ஜெனரேட்டர். வெளியே காவலும் கூட்டிப் பெருக்குவதும். காவலும் பெருக்கலும் குத்தகைக்குப் போகும். குத்தகை மாறும்போதெல்லாம் அந்தத் தொழிலாளியின் பணிக்காலம் பூஜ்யத்தில் தொடங்கும்.

சரி, மோட்டார் கணக்கு. சிங்கப்பூரில் 1,800 வெள்ளி வாங்கும் ஓர் ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு வெள்ளி 3.20 ரிங்கிட் என்றால் 5,760. வாரம் 44 மணி நேரம், மாதத்துக்கு ஏறக்குறைய 191. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாளுக்கு 4 மணி நேரம் சாலையில் போனால் 26 நாளுக்கு 104. மொத்தம் 295 மணி. மணிக்கு 19 ரிங்கிட் 50 காசு. கூலாயில் 1,700 ரிங்கிட், 195 மணி வேலை, 26 மணிப் பயணம், முதலாளியின் சேமநிதிப் பங்கு 221-ஐயும் சேர்த்தால்கூட மணிக்கு 8 ரிங்கிட் 70 காசுதான். தூக்கம் கெட்டு, மழையில் நனைந்து, பாதி நாள் சாலையில் போனாலும் இரண்டு மடங்கு மிஞ்சுகிறது. இந்த இடைவெளியை மண்டபத்துப் பேச்சால் மூட முடியாது.

அந்த இரண்டு மடங்குக்குள் ஒளிந்திருக்கும் ஓட்டையையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு அங்கே சி.பி.எஃப். (சிங்கப்பூர்ச் சேமநிதி) இல்லை, இங்கே சேமநிதியும் ஓடாது. தானாகப் போட்டால்தான் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை சுயமாகச் செலுத்தலாம். அதைவிடப் பெரிய ஓட்டை சாலையில். உள்ளூர் வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பார்த்துக்கொள்ளும். சிங்கப்பூரின் வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டம், நிறுவனமே ஏற்றிச் செல்லும் வண்டியில் போனால் ஒழிய, வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட விபத்தைக் கணக்கில் எடுக்காது. நம் பையன்களுக்கு மிக ஆபத்தான இடமே அந்தச் சாலைதான். சொந்தமாக ஒரு விபத்துக் காப்பீடு எடுக்காமல் மோட்டாரைக் கிளப்ப விடாதீர்கள்.

உள்ளூரில் அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது குறைக்கும் வேலை சார்ஜ்மேன் வேலை, அதாவது ஓர் இடத்தின் மின் அமைப்பை இயக்கிப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. மின்சார ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் அது. வயர்மேன் சான்றிதழில் பி.டபிள்யூ.2 ஒற்றை பேஸ் வயரிங், பி.டபிள்யூ.4 மூன்று பேஸ். அதற்கு மேலே சார்ஜ்மேன்: 'ஏ' வகை தாழ்ந்த மின்னழுத்தம், 'பி' வகை உயர் மின்னழுத்தம். டேட்டா சென்டருக்கு வேண்டியவர் 'பி' வகைக்காரர். பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: மின்னியலில் எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) மூன்றாம் நிலை முடித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆணையத்தின் தேர்வு தனி, அனுபவச் சான்று தனி. முதல் வேலையில் கையெழுத்துப் போட்ட வேலைப் பதிவு வாங்கி வைக்காதவன் பின்னால் அனுபவத்தைக் காட்ட முடியாமல் நிற்பான்.

தோட்டம் கைமாறி வேலை போகும் என்ற செய்தி வந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1980-ஆம் ஆண்டு பணிநீக்கப் பலன் விதிகளின்படி இரண்டு ஆண்டுக்குக் கீழ் இருந்தால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து வரை 15 நாள். அதற்கு மேல் 20 நாள். நாளுக்கு 65 ரிங்கிட் 38 காசு என்றால், 25 ஆண்டு வெட்டியவருக்கு 32,690 ரிங்கிட். ஐந்தாண்டு தாண்டியவருக்கு எட்டு வார முன்னறிவிப்பும் சேரும். இதில் லயத்து வீடு வராது. வீட்டைத் தனியாக, எழுத்தில் பேசினால்தான் உண்டு. பலர் ஏமாறுவது ஒரே ஒரு தாளில்: "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று மலாயில் அடித்து நீட்டுவார்கள், கையில் ஆயிரம் ரிங்கிட்டும் தருவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் பலனும் போச்சு, சொக்சோவின் வேலையிழப்புக் காப்பீடும் போச்சு. கையெழுத்துப் போடாமல் வந்தால், வேலை போன 60 நாளுக்குள் அங்கே விண்ணப்பிக்கலாம். பயிற்சிக் கட்டணம் 4,000 ரிங்கிட் வரை அதிலிருந்தே கிடைக்கும். மேலே சொன்ன மின்னியல் பாதைக்கு முதல் படியாகவே அதைப் பயன்படுத்தலாம்.

அடுத்த முறை அந்தத் தலைவர் மண்டபத்துக்கு வந்தால், மாலை போடும் முன்பே ஒரு தாள் கேளுங்கள்: மாவட்டத்தில் ஓடத் தொடங்கிய ஒவ்வொரு டேட்டா சென்டரிலும் நிரந்தர வேலை எத்தனை, அதில் கூலாய் முகவரிக்காரர் எத்தனை பேர், ஆரம்பச் சம்பளம் எவ்வளவு, குத்தகை ஆட்கள் எத்தனை. கொண்டுவந்தாரென்றால் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். அப்படியே அச்சிடுகிறோம்.