நைட் டூட்டி முடிந்து எழுதும் நோட்டு: ஒரு நர்ஸின் கேள்வி

கேள்வி: எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாகப் பிரசவ வார்டு நர்ஸாக இருக்கிறேன். நைட் டூட்டி முடிந்து வந்தால் தூக்கம் வராது. நடந்ததை ஒரு நோட்டில் எழுதினால்தான் மனசு ஆறும். பெயர், ஊர், என்ன கேஸ் எல்லாம் அதில் இருக்கும். தமிழில் எழுதுவதால் ஆஸ்பத்திரியில் யாருக்கும் புரியாது என்று நினைத்தேன். போன வாரம் நாத்தனார் அதைப் புரட்டியிருக்கிறார். கருக்கலைப்புக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றி, "இது நம்ம பக்கத்துத் தெருப் பொண்ணுதானே?" என்று கேட்டார். நான் செய்தது குற்றமா? நோட்டை எரித்துவிடட்டுமா?

பதில்: சகோதரி, உங்களுக்காக ஒரு டைரி எழுதுவதைக் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எழுதுவதை நிறுத்தும்படி நானும் சொல்ல மாட்டேன். பிரசவ வார்டில் ஒரே இரவில் பார்ப்பதையெல்லாம் உள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஆனால் அந்த நோட்டில் உங்கள் களைப்பும் அழுகையும்தான் உங்களுடையவை. அந்தப் பெண்ணின் பெயரும், அவள் எதற்காக வந்தாள் என்பதும் அவளுடையவை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள். நோயாளியின் இரகசியம் காப்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறையிலும் இருக்கிறது. கருக்கலைப்பு விஷயத்தில் சட்டம் இன்னும் கறாரானது. அந்தப் பெண்ணின் விவரத்தை வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. அந்தப் பிரிவு டாக்டரைத்தான் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியின் கருக்கலைப்புப் பதிவேடே இரகசிய ஆவணம் என்கின்றன விதிகள். அந்த இரகசியத்தின் ஒரு நகல் உங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தது என்று தெரிந்தால், உங்கள் வேலைக்கே ஆபத்து வரும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் விவரத்துக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதே போலக் காவல் போட்டிருக்கிறது.

தமிழில் எழுதியதைப் பாதுகாப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். அங்கேதான் தவறு நடந்திருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் இருந்து வேலந்தாவளம், கோபாலபுரம் வரை வீட்டுக்கு வீடு தமிழ் பேசுகிறார்கள். அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் படிக்கக்கூடிய மொழியில்தான் அவள் கதை இருக்கிறது. பெயரை அடித்துவிட்டால் மட்டும் போதாது. "செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவரின் இரண்டாவது மகள்" என்று இருந்தால் நம் ஊர்ப் பக்கம் பெயரே தேவையில்லை.

அப்படியானால் எப்படி எழுதுவது? "7ஆம் பெட், 19 வயசு, இன்ன ஊர், இன்னாரின் மகள், கலைக்க வந்தாள்" என்று எழுதாதீர்கள். "இன்று ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். அவள் நகம் பதிந்த இடம் வீட்டுக்கு வந்தும் வலித்தது. அவள் போன பிறகு தண்ணீர் குடிக்கக்கூடத் தோன்றவில்லை" என்று எழுதுங்கள். உங்கள் மனசு ஆற இது போதும், அவளை யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. தேதி, பெட் நம்பர், ஊர், சாதி, தொழில் எதுவும் வேண்டாம். கேஸ் ஷீட்டை போனில் படம் எடுப்பது கூடவே கூடாது.

இன்னொன்று, கோர்ட்டில் நான் நேரில் பார்ப்பது. கட்சிக்காரர் இரகசியமாகச் சொன்னதைச் சொல்லும்படி வக்கீலை யாரும் வற்புறுத்த முடியாது. நர்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு சட்டத்தில் இல்லை. கோர்ட் கேட்டால் உங்கள் நோட்டைக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். ஊசி மருந்து மாறிப்போனது, டாக்டர் தாமதமாக வந்தது போன்றவை அன்றைக்கே நர்ஸஸ் நோட்ஸில் ஏற வேண்டும், வார்டு இன்சார்ஜுக்கும் போக வேண்டும். கேஸ் ஷீட்டில் ஒன்றும் டைரியில் வேறொன்றுமாக இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் கூண்டில் வைத்துக்கொண்டு இரண்டையும் வரி வரியாகப் படிப்பார்.

18 வயது ஆகாத பெண் கர்ப்பமாக வந்திருந்தால் நிலைமையே வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தகவல் தர வேண்டும். தராவிட்டால் ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். டைரியில் எழுதியது தகவல் தந்ததாக ஆகாது. உங்களுக்கு அன்றே தெரியும் என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சியாகிவிடும்.

சரி, எரிப்பதா? அவசரப்படாதீர்கள். நோட்டில் உள்ள எந்த நோயாளி விஷயத்திலாவது போலீஸ் விசாரணை, நுகர்வோர் வழக்கு, ஆஸ்பத்திரிக்கு வக்கீல் நோட்டீஸ் என்று ஏதாவது இருந்தால் ஒரு பக்கத்தையும் தொடக்கூடாது. சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். நோட்டை எடுத்துக்கொண்டு நேராக ஒரு வக்கீலைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால், அடையாளம் காட்டும் பக்கங்களைக் கிழித்து நீங்களே நின்று எரித்துவிடுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம்.

அப்புறம், நாத்தனார். நீங்கள் "ஆமாம்" என்றும் சொல்ல வேண்டாம், "இல்லை" என்றும் சொல்ல வேண்டாம். "அண்ணி, ஆஸ்பத்திரி விஷயத்தை நான் பேசக்கூடாது. வெளியே போனால் என் வேலை போகும், ஒரு பொண்ணு வாழ்க்கையும் போகும்" என்று இன்றைக்கே சொல்லுங்கள். அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்றால், இந்த ஒரு பேச்சு அந்தப் பெண்ணுக்குப் பெரிய காவல்.