வாய் குழறுகிறது, நான் எப்படி?

கேள்வி: நான் பத்தாவதுதான் படித்திருக்கிறேன். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்திவந்த டீச்சர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பொறுப்பைச் சபைப் போதகர் ஐயர் என்னை எடுக்கச் சொல்கிறார். பிள்ளைகள் முன்னால் நின்றாலே எனக்கு வாய் குழறும். மறுத்தால் அது அவிசுவாசமா?
– ஒரு சகோதரி, நாசரேத் பக்கம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் 'எனக்குத் தகுதியில்லை' என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேதாகமத்தில் யாத்திராகமம் நாலாம் அதிகாரத்தில், இஸ்ரவேல் மக்களை எகிப்திலிருந்து அழைத்துவரக் கர்த்தர் அனுப்பும்போது மோசேயும் இதே பாட்டைத்தான் பாடுகிறார். வயது 80. 'நான் திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன்' என்கிறார்.

'இல்லையப்பா, நீ நன்றாகத்தான் பேசுகிறாய்' என்று கர்த்தர் அவரைத் தேற்றவில்லை. நாக்கைச் சரிசெய்ததாகவும் அங்கே எழுதியில்லை. 'நான் உன் வாயோடே இருப்பேன்' என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் மோசே 'வேறு யாரையாவது அனுப்பும்' என்றபோதுதான் கர்த்தருக்குக் கோபமே வருகிறது. அந்தக் கோபத்திலும் அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுக்கிறார். ஆகவே பயப்படுவது அவிசுவாசமில்லை. துணை கேட்பதும் குற்றமில்லை.

(நன்றாகப் பேசத் தெரிந்த அந்த ஆரோன்தான் பின்னால் ஜனங்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி வார்த்தார். பேச வராது என்ற மோசேயின் பேச்சுதான் வேதாகமத்தின் உபாகமம் புத்தகத்தில் முக்கால்வாசி!)

நான் முதன்முதலில் வகுப்பெடுத்த அன்று, கை நடுங்குவது தெரியக்கூடாது என்று குறிப்புத் தாளை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டேன். தாவீது கல்லெறிந்து கோலியாத்தை வீழ்த்திய கதை. இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டதில் தாவீது கல்லை எடுக்குமுன்பே கோலியாத் விழுந்துவிட்டான். முன்வரிசையில் இருந்த பொடியன், "அக்கா, கல்லு?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அந்தக் கதையை அவர்கள் மறக்கவே இல்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஐயரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். முழுப் பொறுப்பு வேண்டாம், மூன்று மாதத்துக்குச் சின்னப் பிள்ளைகள் வகுப்பு மட்டும் கேளுங்கள். பாட்டுச் சொல்லிக்கொடுக்க வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒரு பெண்ணைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ராத்திரி வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மூன்று மாதம் கழித்தும் ஒத்துவரவில்லை என்றால் தாராளமாக விலகலாம்.

அப்புறம், அந்த டீச்சரின் போன் நம்பர் உங்களிடம் இருக்கும்தானே? இன்றைக்கே ஒரு போன் போடுங்கள். அவர்களுடைய முதல் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று கேளுங்கள்.